திறப்பைத் தேடி ஆளிடம் வரும் கள்வர்: வாகனப் பறிப்பும் லண்டன் தமிழ்த் தொழிலாளரும்

2023 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், வேல்சின் தலைநகரான கார்டிவ் நகரில் பொதி விநியோகத்தில் ஈடுபட்டிருந்த ஓட்டுநர் ஒருவர், தமது வானை யாரோ ஒருவன் ஓட்டிச்செல்ல முற்படுவதைக் கண்டு அதன் முன்னே சென்று மறித்தார். வான் நிற்கவில்லை. அவர் அதன் கீழ் அகப்பட்டு இழுத்துச் செல்லப்பட்டு, பின்னர் உயிரிழந்தார். 2024 ஓகஸ்ட் மாதம் வட இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இன்னொரு பொதி விநியோக ஓட்டுநர், தமது வானுடன் தப்பியோட முயன்றவனைத் தடுக்க அதன் பக்கத்தில் தொற்றிக்கொண்டார். வேகமாக ஓட்டப்பட்ட வான் தரித்துநின்ற வாகனங்களில் மோதியது, அவரும் இறந்தார். இரு வழக்குகளிலும் ஓட்டிச்சென்றவர்கள் கொலைக் குற்றவாளிகளாகக் காணப்பட்டு ஆயுட்சிறைத் தண்டனை பெற்றனர்.

இறந்த இருவரும் தமிழர் அல்லர். சம்பவங்கள் நடந்ததும் லண்டனில் அன்று. ஆயினும் அவர்கள் செய்த தொழிலையும், தம் வாகனம் பறிபோவதைக் கண்ட கணத்தில் அவர்கள் எடுத்த முடிவையும் எண்ணிப்பார்த்தால், இச்செய்திகள் லண்டன் வாழ் தமிழர்களுக்குத் தொலைவானவை அல்ல என்பது விளங்கும். வெம்பிளியிலும் ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் இல்ஃபோர்டிலும் ரூட்டிங்கிலும் குறொய்டனிலும் வாழும் தமிழர்களுள் இரவு வேளையில் உணவுப் பொதிகளுடன் மொபெட்டில் செல்பவர்கள், மினிகாப் ஓட்டுபவர்கள், அதிகாலையில் மொத்தச் சந்தைக்கு வான் கொண்டுசெல்லும் கடைக்காரர்கள் கணிசமானோர் உள்ளனர். இவர்களுக்கு வாகனம் என்பது ஆடம்பரப் பொருள் அன்று. அது அன்றைய கூலி. அடுத்த மாத வாடகை. பல வேளைகளில் இன்னும் அடைத்துத் தீராத கடன். ஆகவே அதை விட்டுவிடு என்று அறிவுரை சொல்வது எளிது. அந்தக் கணத்தில் விட்டுவிடுவது எளிதன்று.

வாகனத் திருட்டு வேறு, வாகனப் பறிப்பு வேறு. முன்னையது ஆளில்லா வேளையில் பொருளைக் கவர்வது. பின்னையது ஓட்டுநரை மிரட்டியோ தாக்கியோ அவர் கையிலிருந்து வாகனத்தைப் பிடுங்குவது. பாலை நிலத்து வழிப்போக்கரை மறித்துப் பொருள் பறித்தவர்களைச் சங்கப் புலவர்கள் ஆறலை கள்வர் என்று அழைத்தனர். இன்றைய ஆறலை கள்வருக்கு வழிப்போக்கரின் ஊர்தியே பொருளாகிவிட்டது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் கார்ஜாக்கிங் என்ற சொல் 1991 இல் அமெரிக்காவின் டிற்றொயிற் நகரப் பத்திரிகையொன்றில் பிறந்தது. அதற்கு அடுத்த ஆண்டு செப்டம்பரில், மேரிலாந்து மாநிலத்தில் இந்தியாவில் பிறந்த வேதியியலாளரான ஒரு தாய், தம் குழந்தை உள்ளே இருந்த காரைப் பறித்தவர்களால் வீதியில் இழுத்துச் செல்லப்பட்டு மாண்டார். அந்தக் கொடுமை அமெரிக்காவை உலுக்கியது. 1992 ஒக்ரோபரிலேயே வாகனப் பறிப்பு அந்நாட்டின் கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ்த் தனிக் குற்றமாக்கப்பட்டது.

பிரித்தானியாவில் நிலைமை வேறு. இங்கிலாந்திலும் வேல்சிலும் வாகனப் பறிப்பு என்ற பெயரில் தனிக் குற்றம் எதுவும் சட்டநூலில் இல்லை. 1968 ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டத்தின் 8 ஆம் பிரிவு கூறும் கொள்ளை என்ற குற்றத்துக்குள் அது அடங்கிவிடுகின்றது. தண்டனையைப் பொறுத்தவரை இதில் குறை காண இடமில்லை. அப்பிரிவின் உச்சத் தண்டனை ஆயுட்சிறை. குறை கணக்கெடுப்பில் உள்ளது. கைத்தொலைபேசியைப் பறித்ததும், கழுத்துச் சங்கிலியை அறுத்ததும், கத்தியைக் காட்டிக் காரைப் பிடுங்கியதும் ஒரே தலைப்பின் கீழ்ச் சேர்ந்துவிடுவதால், வாகனப் பறிப்பு மட்டும் எத்தனை என்பதை நாடளாவிய புள்ளிவிபரத்தில் பிரித்துக் காண முடிவதில்லை. பத்திரிகைகளில் அவ்வப்போது வெளிவரும் எண்ணிக்கைகள், தகவல் அறியும் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு காவற்றுறையிடமும் தனித்தனியே கேட்டுப் பெறப்பட்டவை. ஒரு காவற்றுறை எண்ணும் முறையில் மற்றது எண்ணுவதில்லை. எண்ணப்படாத குற்றத்துக்கு ஆளணியும் நிதியும் ஒதுக்கப்படுவது அரிது என்பதைப் பொதுப்பணி எதிலும் பழகியோர் அறிவர்.

பறிப்பின் எண்ணிக்கை தெளிவாக இல்லாதபோதும், திருட்டின் எண்ணிக்கை ஒரு கதையைச் சொல்கின்றது. 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆண்டொன்றுக்கு ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் களவுபோயின. இருபது ஆண்டுகள் கழித்து, 2013, 2014 ஆம் ஆண்டுகளில், அது 80,000 ஐவிடக் குறைந்திருந்தது. இவ்வளவு பெரிய வீழ்ச்சிக்குக் காவற்றுறையை மட்டும் பாராட்ட முடியாது; பெரும் பங்கு பொறியியலுக்கு உரியது. 1998 ஒக்ரோபர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்பட்ட புதிய கார்கள் அனைத்திலும் இமொபிலைசர் எனப்படும் மின்னணு முடக்கி கட்டாயமாக்கப்பட்டது. உரிய திறப்பிலுள்ள சில்லை இனங்கண்டால் அன்றி இயந்திரம் உயிர்பெறாது. கம்பிகளை உரசி வண்டியைக் கிளப்பும் பழைய வித்தை அத்துடன் செல்லாக்காசானது. நெதர்லாந்தில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, இக்கருவி கார்த் திருட்டை ஏறத்தாழ 40 வீதம் குறைத்ததாகக் கணித்தது.

ஆனால் கள்வர் தொழிலை விட்டுவிடவில்லை. எஞ்சியோர் ஓர் எளிய உண்மையைக் கண்டுகொண்டனர்: திறப்பு இல்லாமல் கார் நகராதெனில், திறப்பை எடுக்கவேண்டும்; திறப்பு இருப்பது வீட்டில், அல்லது ஓட்டுநரின் கையில். வீட்டை உடைத்து வேறெதையும் தொடாமல் கார்த்திறப்பை மட்டும் எடுத்துச்செல்லும் கொள்ளைகள் பெருகியது இதன் பின்னரே. 2002 ஜனவரியில் தென்மேற்கு லண்டனின் பட்டர்சியில் இளைஞர் ஒருவர் தமது அவுடி காருக்காகக் குத்திக் கொல்லப்பட்டபோது, வாகனப் பறிப்பு லண்டனிலும் காலூன்றிவிட்டதாகப் பத்திரிகைகள் அலறின. பூட்டு வலுத்ததால்தான் கத்தி வந்தது என்று சொல்லிப் பூட்டைப் பழிப்பது தவறு. பூட்டினால் தப்பிய வாகனங்கள் இலட்சக்கணக்கானவை. பறிபோனவை அவற்றுள் மிகச் சிறு பகுதி. எனினும் அந்தச் சிறு பகுதியில் ஒவ்வொன்றிலும் ஒரு மனிதரின் உடல் பணயமாகின்றது. இழப்பைக் காப்புறுதி நிறுவனம் ரூபாயிலும் பவுண்டிலும் எண்ணலாம். குற்றத்தின் கனத்தை அப்படி எண்ண முடியாது.

பின்னர் பூட்டே வலுவிழந்தது. திறப்பைப் பையிலிருந்து எடுக்காமலே கதவைத் திறந்து, பொத்தானை அழுத்தி ஓட்டிச்செல்லும் வசதி விலையுயர்ந்த கார்களில் தொடங்கிச் சாதாரணக் கார்களுக்கும் பரவியது. காரும் திறப்பும் ரேடியோ சமிக்ஞை மூலம் பேசிக்கொள்கின்றன; திறப்பு அருகில் இருக்கின்றது என்று கார் நம்பினால் கதவு திறக்கும். சூரிச் நகரத் தொழினுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011 இலேயே எட்டு நிறுவனங்களின் பத்து வகைக் கார்களைச் சோதித்து, வீட்டுக்குள் இருக்கும் திறப்பின் சமிக்ஞையை இடையில் நின்று காருக்கு அஞ்சல் செய்தால் பத்தும் ஏமாந்துவிடும் என்று காட்டினர். ஆறு ஆண்டுகளின் பின்னர், 2017 நவம்பரில், மேற்கு மிட்லண்ட்ஸ் காவற்றுறை வெளியிட்ட காணொளியில் இருவர் பெட்டிபோன்ற கருவிகளுடன் வீட்டு வாசலில் நின்று ஒரு மெர்சிடிஸ் காரைச் சத்தமின்றிக் கொண்டுசென்றதை நாடே பார்த்தது. ஆய்வுக்கூடத்தில் 2011 இல் சொன்னதைத் திருத்தக் கிடைத்த காலம் அந்த ஆறு ஆண்டுகள்.

குறையைச் சொன்னவரின் வாயை அடைத்த கதையும் உண்டு. வோக்ஸ்வாகன் குழுமத்தின் கார்கள் உட்படப் பலவற்றில் பயன்பட்ட ஓர் இமொபிலைசர் சில்லின் இரகசிய முறை பலவீனமானது என்று பேர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரும் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவரும் கண்டறிந்தனர். 2013 இல் லண்டன் உயர்நீதிமன்றம் அந்நிறுவனத்தின் வேண்டுகோளின் பேரில் அவர்களது கட்டுரைக்கு இடைக்காலத் தடை விதித்தது. கட்டுரை வெளிவந்தது 2015 இல். இரகசியமாக வைத்திருப்பதே பாதுகாப்பு என்று எண்ணுவது கணினித் துறையில் நெடுங்காலத்துக்கு முன்னரே கைவிடப்பட்ட கொள்கை. வாகனத் துறை அதனை மெதுவாகவே கற்றது.

அண்மைய முறை இன்னும் விசித்திரமானது. இன்றைய காரில் கதவு, விளக்கு, இயந்திரம் அனைத்தும் கேன் பஸ் எனப்படும் ஓர் உள்வலைப்பின்னலில் இணைந்துள்ளன. அந்த வலைக்குள் வரும் செய்தியை யார் அனுப்பியது என்று பல கார்கள் கேட்பதில்லை. 2022 இல் லண்டனில் ஒரு ரொயோட்டா கார் களவுபோனது. அதன் பம்பர் விலக்கப்பட்டு முன்விளக்கின் இணைப்புக் கழற்றப்பட்டிருந்தது. காரின் உரிமையாளர் வாகனக் கணினிப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்டவர் என்பது கள்வரின் துரதிர்ஷ்டம். அவரும் இன்னொரு பொறியியலாளரும் துருவி ஆராய்ந்து 2023 ஏப்ரலில் வெளியிட்டபடி, முன்விளக்குக் கம்பி வழியாக உள்வலைக்குள் நுழைந்து, 'சரியான திறப்பு இங்கே உள்ளது' என்ற பொய்ச் செய்தியைச் செலுத்தும் கருவிகள் விற்பனைக்கு இருந்தன. அவர்கள் ஆராய்ந்த கருவி, சிறிய ஒலிபெருக்கி ஒன்றின் கூட்டுக்குள் ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. காவலர் தடுத்துச் சோதித்தாலும் பாட்டுப்பெட்டி என்றே தோன்றும்.

இதன் விளைவு எண்ணிக்கையில் தெரிந்தது. 2023 இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் களவுபோன வாகனங்கள் மீண்டும் ஏறத்தாழ 130,000 ஆயின. அவற்றுள் ஏறத்தாழ நான்கில் ஒன்று லண்டனில். கிழக்குக் கரையிலுள்ள பீலிக்ஸ்டோ போன்ற துறைமுகங்களில் இடைமறிக்கப்படும் கொள்கலன்கள் கொங்கோ ஜனநாயகக் குடியரசு, ஐக்கிய அரபு அமீரகம் முதலிய இடங்களுக்குச் செல்லவிருந்தவை. இவற்றைத் தேடும் தேசியப் புலனாய்வுப் பிரிவு மிகச் சிறியது. பெரும்பாலும் கார்க்கடன், காப்புறுதித் துறைகளின் நிதியில் இயங்குவது. 2025 பெப்ரவரியில் அரசு நாடாளுமன்றத்தில் முன்வைத்த குற்றம் மற்றும் காவல் சட்டமூலம், இத்தகைய மின்னணுக் கருவிகளை வைத்திருப்பதையே குற்றமாக்கி ஐந்தாண்டுகள் வரை சிறை விதிக்க வகைசெய்தது. நல்லது. ஆனால் கருவியைத் தடைசெய்வது கடைசிக் கண்ணி. ஏமாறும் காரை விற்றவரிடம் கேள்வி கேட்பது முதற் கண்ணி.

உற்பத்தியாளர்கள் இப்போது பூட்டைத் திருத்தி வருகின்றனர். அசையாத திறப்பு உறங்கிவிடும். புதிய ரேடியோ முறை திறப்பின் தூரத்தைத் துல்லியமாக அளக்கும். அப்படியெனில் அடுத்து நிகழக்கூடியது எது? 1998 இன் பின்னர் நிகழ்ந்ததே மீண்டும் நிகழலாம்: கள்வன் திறப்பைத் தேடி ஆளிடம் வருவான்.

இதற்கு முன்னோட்டமாகக் கனடாவைப் பார்க்கலாம். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் தமிழர் செறிந்து வாழும் ரொறன்ரோப் பெரும்பாகத்தில், 2021 உடன் ஒப்பிடுகையில் 2022 இல் வாகனப் பறிப்பு இரு மடங்குக்கும் மேலாகியது. 2023 இல் ஒன்ராறியோ மாகாணக் காவற்றுறையும் ரொறன்ரோக் காவற்றுறையும் வாகனப் பறிப்புக்கெனவே கூட்டுச் செயலணி அமைத்தன. 2024 பெப்ரவரியில் ஒட்டாவாவில் தேசிய உச்சிமாநாடு கூடியது. அதே ஆண்டில் மொன்றியல் துறைமுகத்தை மையமாகக் கொண்ட ஒரு நடவடிக்கையில் 598 வாகனங்கள் மீட்கப்பட்டன. வன்முறையுடன் கூடிய வாகனத் திருட்டுக்கு 14 ஆண்டுகள் வரை சிறை என்ற புதிய குற்றமும் சட்டமாகியது. இத்தனைக்கும் நடுவில், 2024 இல் எற்றோபிக்கோவில் நடந்த ஊர்க்கூட்டத்தில் காவலர் ஒருவர், வீட்டுக்குள் புகுந்து தாக்காமலிருக்கக் கார்த்திறப்பை வாசற்கதவருகே வைத்துவிடுங்கள் என்று சொன்னார். நாடு முழுவதும் நகைத்தது. நகைத்தவர்கள் அவர் கூறியதன் பொருளைச் சற்றுச் சிந்தித்திருக்கலாம். காரை இழந்தாலும் மனிதர் தப்பட்டும் என்பதையே அவர் அலங்காரமின்றிச் சொன்னார். காவற்றுறையே அப்படிச் சொல்லவேண்டிய நிலைக்கு வந்ததுதான் வெட்கக்கேடு.

லண்டனில் இந்தக் குற்றத்தின் கோர முகம் பெரிய கார்களைவிட இருசக்கர வாகனங்களிலேயே முதலில் தெரிந்தது. 2017 ஜூலை 13 இரவு, ஹக்னியிலும் அதனை அண்டிய கிழக்கு, வடக்கு லண்டன் பகுதிகளிலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆறு பேர் மீது அமிலம் வீசப்பட்டது. வீசியவர்கள் மொபெட்டில் வந்த இரு இளைஞர். நோக்கம் மொபெட் பறிப்பது. பாதிக்கப்பட்டவர்களுள் உணவு விநியோகம் செய்பவர்களும் இருந்தனர். சில நாட்களில் விநியோக ஓட்டுநர்கள் நாடாளுமன்றச் சதுக்கத்தில் திரண்டு போராடினர். முதன்மைக் குற்றவாளியான பதின்ம வயதினன் 2018 இல் பத்தரை ஆண்டுச் சிறை பெற்றான். தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் அரிக்கும் திரவம் வைத்திருப்பது 2019 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தால் குற்றமானது. சட்டம் அசைந்தது, ஓட்டுநர்கள் முறையிட்டதாலும் வீதிக்கு வந்ததாலும்தான்.

தமிழ்த் தொழிலாளருள் எத்தனை பேர் அவ்வாறு முறையிடுவர்? இங்கேதான் சிக்கல் உள்ளது. சாதாரண வாகனக் காப்புறுதி, கூலிக்குப் பொதி காவுவதை உள்ளடக்குவதில்லை; அதற்குத் தனிக் காப்புறுதி வேண்டும், அதன் கட்டணம் கூட. அது இல்லாமல் ஓடியவர், வாகனம் பறிபோனால் தாமே அகப்பட்டுக்கொள்வோமோ என்று வாய்மூடுகின்றார். பெற்றோல் அடித்துவிட்டுத் திறப்பை வண்டியிலேயே விட்டுப் பணம் செலுத்தச் சென்றவருக்கும், பொதி கொடுக்க இயந்திரத்தை ஓடவிட்டு இறங்கியவருக்கும் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்க இடமுண்டு. பெரும்பாலான ஒப்பந்தங்களில் அந்த விதிவிலக்கு இருக்கின்றது. மாணவ விசாவில் வந்தவர் சுயதொழில் செய்ய அனுமதியில்லாதவர். இன்னொருவரின் கணக்கில் உணவு விநியோகம் செய்தவர் அடிபட்டாலும் காவல் நிலையப் படி ஏறமாட்டார். இந்த அச்சம் வெறும் மனப்பிரமை அன்று. குற்றத்துக்கு ஆளானவரின் விபரத்தைக் காவற்றுறை குடிவரவுத் துறைக்குக் கொடுப்பது குறித்து மனித உரிமை அமைப்புகள் முறையிட்டதும், குடும்ப வன்முறைக்கு ஆளானோர் விடயத்தில் அப்பழக்கம் தீங்கானது என்று காவற்றுறை ஆய்வாளரகம் 2020 டிசம்பரில் கூறியதும் பதிவில் உள்ளவை. ஆனால் இந்த மௌனத்தைக் கள்வரும் அறிவர். முறையிடமாட்டார் என்று தெரிந்த ஓட்டுநர் அவர்களுக்கு மிக எளிய இரை.

தென்னாபிரிக்கா இந்தக் கொடுமையை எல்லாரையும்விட அதிகம் கண்ட நாடு. ஆண்டொன்றுக்கு 20,000 ஐத் தாண்டிய வாகனப் பறிப்புகள் அண்மைய ஆண்டுகளில் அங்கு பதிவாகியுள்ளன. 1998 இல் ஜொகன்னஸ்பேர்க்கில் காரின் அடியில் பொருத்தித் தீ உமிழும் கருவி கூட விற்பனைக்கு வந்தது; சில நூறு விற்றதோடு சரி. அந்த நாட்டின் காவற்றுறையைக் குறைசொல்ல ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆனால் அது வாகனப் பறிப்பைத் தனித் தலைப்பில் எண்ணி, மாகாண வாரியாக, காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடுகின்றது. டேர்பன் நகரத் தமிழர் ஒருவர் தம் மாகாணத்தில் இது கூடியதா குறைந்ததா என்று பார்க்கலாம். வெம்பிளித் தமிழருக்கு அந்த வசதி இல்லை.

எனவே கோரிக்கை பெரிதன்று. கொள்ளைக் குற்றத்துக்குள் வாகனப் பறிப்பைத் தனியே குறித்து, லண்டனின் ஒவ்வொரு மாநகரப் பிரிவுக்கும் எண்ணிக்கையை வெளியிடவேண்டும். பாதிக்கப்பட்டவர் தொழிலின் நிமித்தம் ஓட்டிக்கொண்டிருந்தாரா என்பதும் அதில் இடம்பெறவேண்டும். 2000களின் நடுப்பகுதி வரை எந்தக் கார் வகை அதிகம் களவுபோகின்றது என்ற பட்டியலை உள்துறை அமைச்சே வெளியிட்டு உற்பத்தியாளரை நாணச்செய்தது. அதனை மீண்டும் தொடங்கலாம். உணவு, பொதி விநியோக நிறுவனங்கள் ஓட்டுநருக்கு முழுமையான காப்புறுதியை உறுதிசெய்வதுடன், வாகனத்தை விட்டுக்கொடுத்தவருக்கு அன்றைய பொதியின் பெயரில் எந்தத் தண்டமும் இல்லை என்று எழுத்தில் தரவேண்டும். விட்டுவிடத் துணிவு வருவது அப்போதுதான். லண்டன் மாநகரசபை உறுப்பினர்களும் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்களும் தேர்தல் காலங்களில் தமிழ் ஆலயங்களுக்கும் பொங்கல் விழாக்களுக்கும் வருகின்றனர். மாலையும் பொன்னாடையும் அணிவிக்கும்போது இந்தக் கோரிக்கையையும் எழுத்தில் கையளிப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

அதுவரையில் ஓட்டுநர் செய்யக்கூடியவை சில. ஏறியவுடன் கதவுகளைப் பூட்டவேண்டும். சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது முன்வாகனத்தின் பின்சக்கரங்கள் தரையைத் தொடுமிடம் கண்ணுக்குத் தெரியுமளவு இடைவெளி விட்டால், ஒதுங்கி வெளியேற இடமிருக்கும். பின்னால் இலேசாக இடித்துவிட்டு இறங்கச் சொல்பவரிடம், வெளிச்சமும் ஆட்களும் உள்ள இடம்வரை ஓட்டிச்சென்று பேசவேண்டும். வீட்டுத்திறப்பையும் கார்த்திறப்பையும் ஒரே வளையத்தில் கோர்க்கக் கூடாது. கார்ப் பெட்டகத்தில் வீட்டு முகவரியுள்ள கடிதமும் கூடாது. கத்தி தெரிந்தால் திறப்பைக் கீழே போட்டுவிட்டு வாகனத்தை விட்டு விலகவேண்டும். பின்னிருக்கையில் குழந்தை இருந்தால் அதனை உரத்துச் சொல்லவேண்டும். நகரும் வாகனத்தில் தொற்றக் கூடாது, முன்னே நிற்கவும் கூடாது. பின்னர் 999.

அழைத்ததும் குற்ற இலக்கத்தை எழுதி வைத்துக்கொள்ளவேண்டும். காயமுற்றவருக்கு, வாகனக் காப்புறுதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், குற்றக் காய நட்டஈட்டு அதிகாரசபையிடம் விண்ணப்பிக்கும் வழி உண்டு. வதிவிட நிபந்தனைகளை நிறைவுசெய்திருக்கவேண்டும்; காவற்றுறையிடம் தாமதமின்றி முறையிட்டிருக்கவும் வேண்டும். விண்ணப்பம் பொதுவாகச் சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் சேரவேண்டும். படிவத்தை நிரப்ப ஆங்கிலம் தடையெனில் தமிழ்ப் பாடசாலைகளிலும் சங்கங்களிலும் உதவக்கூடியவர்கள் உள்ளனர். தம் பெயரை வெளியிட அஞ்சுவோர் கிறைம்ஸ்ரொப்பர்ஸ் தொண்டு நிறுவனத்துக்குப் பெயரின்றித் தகவல் தரலாம். அது காவற்றுறையின் கிளை அன்று. அதன்மூலம் நட்டஈடு கிடைக்காது, குற்ற இலக்கமும் கிடைக்காது. அடுத்த தெருவில் பொதியுடன் நிற்கும் இன்னொருவருக்கு அது பயன்படக்கூடும்.